எண்ணும் முன் பார்ப்போம்



கொழுந்து மலையிலிருந்து இறங்கி வந்து, கை கால் கழுவி, ஒரு கோப்பைத் தேநீருடன் அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், தொழிற்சாலை வேலை முடித்து வீடு திரும்பிய தந்தைமார்களுக்கும், புத்தகத்தை மூடிவிட்டுக் காது கொடுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் கேமரன் மலையிலிருந்து எங்கள் அன்பு. இன்று நாம் பேசப் போவது நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி. அது சில்லறைக் காசு.

தோட்டத்து வீடுகளில் சில்லறை எங்கே இருக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. சாமி படத்துக்குக் கீழே ஓர் உண்டியல். அடுப்படி மேடையில் ஒரு மைலோ டின். பாட்டியின் டிரங்குப் பெட்டிக்குள் துணியில் முடிந்த ஒரு முடிச்சு. ரிங்லெட் கடையிலும் பிரிஞ்சாங் சந்தையிலும் திரும்பி வந்த 5 காசும் 10 காசும் நாள்தோறும் அவற்றில் விழுகின்றன. டின் நிறைந்ததும் என்ன செய்வது? அப்படியே கடைக்குத் தூக்கிச் செல்ல முடியாது. 2020ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு முறை பொருள் வாங்கும்போது 25 நாணயங்களுக்கு மேல் கொடுத்தால் கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லலாம். ஆகவே டின் வங்கிக்குப் போகிறது. சில வங்கிக் கிளைகளில் இப்போது நாணயம் எண்ணும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். மேலே கொட்டினால் கடகடவென்று எண்ணி, தொகையை நம் கணக்கில் சேர்த்துவிடுகிறது. நல்ல வசதிதான்.

ஆனால் கொட்டும் முன் ஒரு கேள்வி கேட்டுக் கொள்ள வேண்டும். அந்த இயந்திரத்துக்கு என்ன தெரியும், என்ன தெரியாது?

இயந்திரம் காசைப் பார்ப்பதில்லை, அளக்கிறது. உள்ளே உருளும் ஒவ்வொரு நாணயமும் மின்கம்பிச் சுருள் பொருத்திய ஓர் உணர்கருவியைக் கடந்து செல்கிறது. நாணயத்தின் அகலம் எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, அதன் உலோகம் மின்காந்தப் புலத்தை எப்படி மாற்றுகிறது என்பவற்றை அது கண நேரத்தில் அறிகிறது. தனக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கோடு பொருந்தினால் விழுங்கிக் கொள்கிறது. பொருந்தாவிட்டால் கீழே உள்ள தட்டில் துப்பிவிடுகிறது. சிங்கப்பூர்க் காசு, இந்தியக் காசு, பித்தான், வளைந்த நாணயம் ஆகியவை பெரும்பாலும் அந்தத் தட்டில்தான் வந்து விழும்.

இந்தத் தட்டை ஆர்வத்தோடு பார்ப்பவர்கள் உலகில் உண்டு. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு வரை அடிக்கப்பட்ட 10 சென்ட், 25 சென்ட் நாணயங்களில் நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி உலோகம் இருந்தது. 1965 முதல் செம்பும் நிக்கலும் அதன் இடத்துக்கு வந்தன. அங்கே பேரங்காடிகளில் உள்ள எண்ணும் இயந்திரங்கள் பழைய வெள்ளிக் காசை அடையாளம் தெரியாமல் துப்பிவிடுவது உண்டு. கொட்டியவர் கவனியாமல் போய்விடுவார். அடுத்து வருபவர் கையில் வெள்ளி கிடைக்கும். ஆகவே முதல் பாடம் இது: இயந்திரம் துப்பியதை விட்டுவிட்டு வராதீர்கள். அது வேண்டாம் என்று சொன்னதுதான் சில வேளைகளில் அந்த டின்னிலேயே விலை கூடியது.

இரண்டாம் பாடம் இதைவிட முக்கியமானது. இயந்திரம் விழுங்குவதிலும் அருமையான காசு இருக்கலாம். நம் நாட்டு 20 காசையே எடுத்துக் கொள்வோம். 1967 முதல் 1988 வரை வந்த 20 காசில் நாடாளுமன்றக் கட்டடம் இருந்தது. 1989 முதல் வந்த 20 காசில் செம்பருத்திப் பூவும் வெற்றிலைப் பெட்டியும் இருந்தன. படம் மாறியதே தவிர அளவு மாறவில்லை. இரண்டும் ஏறத்தாழ 23.6 மில்லிமீட்டர் அகலம், 5.65 கிராம் எடை, செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முதல் வரிசையில் 1971 என்று ஆண்டு பொறித்த 20 காசு மிகக் குறைவாகவே அடிக்கப்பட்டது. மலேசிய நாணயம் சேர்ப்பவர்கள் ஆண்டுக்கணக்காகத் தேடும் காசுகளில் அது ஒன்று. முகமதிப்பைப் போல் பல மடங்கு கொடுக்க அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். அந்தக் காசை இயந்திரத்தில் போட்டால் கணக்கில் ஏறுவது 20 காசுதான். இயந்திரத்துக்கு ஆண்டு படிக்கத் தெரியாது. நமக்குத் தெரியும்.

நேயர்களே, ஒரு காசுக்கு மூன்று மதிப்புகள் உண்டு. முதலாவது முகமதிப்பு, அதாவது அதன் மேல் எழுதியிருக்கும் மதிப்பு. இரண்டாவது உலோக மதிப்பு, அதை உருக்கினால் கிடைக்கும் மதிப்பு. மூன்றாவது சேகரிப்பு மதிப்பு, அதை வேண்டும் என்று தேடுபவர் கொடுக்கும் மதிப்பு. நம் டின்னில் உள்ள காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு முதல் மதிப்பு மட்டுமே உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் வேலைக்குப் போகாமல் காசு புரட்டிக் கொண்டிருக்க வேண்டாம்! ஓர் ஓய்வு நாள் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

எப்படிப் பார்ப்பது? அரிசியில் கல் பொறுக்கும் தாய்மார்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. டின்னைச் சுளகில் கொட்டுங்கள். 2012இல் வந்த மூன்றாம் வரிசைக் காசுகளை முதலில் ஒதுக்குங்கள். அவற்றில் 20 காசும் 50 காசும் மஞ்சள் நிறம், 5 காசும் 10 காசும் வெண்மை நிறம். அடுத்து 1989இல் தொடங்கிய இரண்டாம் வரிசை. இதைக் குழந்தைகள் எளிதில் கண்டுபிடிப்பார்கள். 5 காசில் பம்பரம், 10 காசில் நம் பல்லாங்குழியின் மலாய்க்காரச் சகோதரியான சொங்காக், 20 காசில் வெற்றிலைப் பெட்டி, 50 காசில் வாவ் என்னும் பட்டம், ஒரு காசில் ரெபானா என்னும் முரசு. மிஞ்சுவது நாடாளுமன்றக் கட்டடம் உள்ள முதல் வரிசையும், அதற்கும் முந்திய காசுகளும். அவற்றைத்தான் ஒவ்வொன்றாக ஆண்டு பார்க்க வேண்டும்.

ஒரு காசு நாணயத்தை ஒரு காந்தத்தின் அருகே கொண்டு போங்கள். முதலில் அது வெண்கலத்தில் அடிக்கப்பட்டது, காந்தம் இழுக்காது. 1973இல் செம்பு பூசிய எஃகுக்கு மாறினார்கள், காந்தம் இழுக்கும். 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து கடைக் கணக்கு 5 காசுக்கு முழுமையாக்கப்படுவதால் இந்த ஒரு காசு கைமாறுவதே நின்று போயிற்று. இன்றைய சிறுவர்கள் பலர் அதைக் கண்டதுகூட இல்லை.

மஞ்சள் நிறத்தில் கிரிஸ் படம் போட்ட ஒரு ரிங்கிட் நாணயம் நினைவிருக்கிறதா? கள்ள நாணயத் தொல்லையால் 2005ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் முதல் அது செல்லாது என்று பேங்க் நெகாரா அறிவித்துவிட்டது. அதை இன்று கடையில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ஆனால் குப்பையில் போட வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம். இதைத் தவிர நினைவு நாணயங்களும் உண்டு. பேங்க் நெகாரா தொடங்கிப் பத்தாண்டு நிறைந்ததை ஒட்டி 1969இல் துங்கு அப்துல் ரகுமான் உருவத்தோடு ஒரு ரிங்கிட் நாணயம் வந்தது. கோலாலம்பூர் மாநகரான 1972இல் ஒன்று வந்தது. தோட்டத் தொழிலாளிக்கு நெருக்கமான ஒன்று 1977இல் வந்தது. இயற்கை இரப்பர் உற்பத்தியின் நூறாண்டு நினைவாக வெளியிட்ட ஒரு ரிங்கிட் அது. நம் தாத்தாவும் பாட்டியும் விடியற்காலையில் சீவிய பால்மரம் ஒரு நாணயத்தில் ஏறியது என்றால், அதை வீட்டில் வைத்துக் கொள்வதற்கு வேறு காரணம் வேண்டுமா?

இனி பாட்டியின் முடிச்சுக்கு வருவோம். 1967ஆம் ஆண்டு ஜூன் 12இல் பேங்க் நெகாரா நம் நாட்டு நாணயத்தை வெளியிட்டது. அதற்கு முன் புழங்கியவை வேறு. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த மலாயா நாணயங்கள், பின்னர் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் தலை பொறித்த மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணயங்கள். நான்கு மூலையும் மழுங்கிய சதுரமான ஒரு காசைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழையது என்பதால் அது பெரும் விலை பெறும் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சதுரக் காசுகள் பெருமளவில் அடிக்கப்பட்டவை. பழமை வேறு, அருமை வேறு.

ஆனால் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 5, 10, 20 காசுகளில் ஆண்டைப் பாருங்கள். 1939 முதல் 1941 வரை உள்ள காசுகளில் முக்கால் பங்கு வெள்ளி உலோகம் உண்டு. போர்க்காலமான 1943, 1945 ஆண்டுகளின் காசுகளில் அது பாதியாகக் குறைந்தது. 1948 முதல் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தான். 1939ஆம் ஆண்டு 10 காசின் எடை ஏறத்தாழ 2.7 கிராம். அதில் 2 கிராம் வெள்ளி இருக்கிறது. வெள்ளியைக் காந்தம் இழுக்காது. 'வெள்ளிக் காசு' என்று சொல்லி யாராவது விற்க வந்தால், காந்தம் இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். இழுத்தால் அது வெள்ளி அல்ல.

அந்த 10 காசுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1930ஆம் ஆண்டு வாக்கில், மலாயாவின் முக்கியப் பகுதித் தோட்டங்களில் அரசு வரையறுத்திருந்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த ஆண்டு முடிவதற்குள் விலை வீழ்ச்சியைக் காட்டி அதையும் குறைத்தார்கள். இந்த மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய ஆண்டு 1929. காட்டை வெட்டிச் செடி நட்ட அந்தக் காலத்தில், ஒரு 10 காசு என்பது ஆணின் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு, பெண்ணின் உழைப்பில் நான்கில் ஒரு பங்கு. ஒரு தாய் காலை முதல் இரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்தால் ஒரு 10 காசு. அப்படிச் சேர்த்த காசுதான் அந்த முடிச்சில் இருக்கிறது.

எங்கள் பள்ளியில் கணிதப் பாடத்துக்கு வீட்டிலுள்ள பழைய காசு கொண்டு வரச் சொன்னோம். ஒரு மாணவி சதுரக் காசு ஒன்றும் ஜார்ஜ் மன்னர் காசு இரண்டும் கொண்டு வந்தாள். மற்றவை எங்கே என்று கேட்டோம். பாட்டி இறந்த பிறகு, பழைய பொருள் வாங்க லயத்துக்கு வந்த ஒருவரிடம் டின்னோடு 30 ரிங்கிட்டுக்குக் கொடுத்துவிட்டார்களாம். யாரும் ஒரு காசின் ஆண்டைக்கூடப் பார்க்கவில்லை. அந்த டின்னில் நூறு ரிங்கிட் பெறுமானம் இருந்ததா, ஆயிரம் இருந்ததா, முப்பதுகூட இல்லையா என்பது இனி அந்தக் குடும்பத்துக்குத் தெரியப் போவதில்லை. அந்த அம்மாள் எந்த ஆண்டிலிருந்து சேர்த்தார், ஊரிலிருந்து கொண்டு வந்த அணாக் காசு ஏதும் இருந்ததா என்பதும் தெரியப் போவதில்லை. நம் மக்கள் பலருக்கு எழுதி வைத்த குடும்ப வரலாறு கிடையாது. ஓய்வு பெற்றுத் தோட்டத்து வீட்டைக் காலி செய்யும் நாளில், அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இத்தகைய டின்களும் முடிச்சுகளும்தாம்.

கண்டெடுத்த காசை எப்படிக் காப்பது? இங்கே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவு செய்து துலக்காதீர்கள்! குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கத்தில் காசையும் தேய்த்துவிடுகிறோம். புளியும் எலுமிச்சையும் சாம்பலும் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை. நாணயத்தின் மேல்தோலையும் எழுத்தின் கூரையும் சேர்த்து எடுத்துவிடுகின்றன. பளபளப்பாகத் தேய்த்த காசைச் சேகரிப்பவர் ஒதுக்கிவிடுவார்.

துலக்காமல் இருப்பதால் என்ன பயன் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சான்று இருக்கிறது. 1980களில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி, சங்க காலச் செப்புக் காசு ஒன்றில் 'பெருவழுதி' என்ற பெயர் பழந்தமிழ் எழுத்தில் பொறித்திருப்பதைக் கண்டறிந்தார். வழுதி என்பது பாண்டிய மன்னரின் பெயர். ஏட்டில் மட்டும் படித்த மன்னர் குலம் ஒன்று காசு வெளியிட்டது என்பதற்கு அந்தச் சிறு செப்புத் துண்டு சான்றாயிற்று. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் சேர மன்னர்களின் காசுகள் கிடைத்திருக்கின்றன. யாராவது அவற்றைப் பளபளப்பாக்கத் தேய்த்திருந்தால், இரண்டாயிரம் ஆண்டு தாங்கிய எழுத்து ஒரு நாளில் போயிருக்கும்.

ஆகவே காசை ஓரத்தில் பிடியுங்கள், முகத்தில் விரல் பட வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனித் தாள் உறையில் போட்டு, ஆண்டையும் யாருடையது என்பதையும் உறையின் மேல் எழுதுங்கள். நம் மலையில் பனியும் ஈரமும் மிகுதி. செம்புக் காசில் பச்சை பூக்கும். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை அந்த டப்பாவில் போட்டு வையுங்கள்.

விற்க நினைப்பவர்களுக்கு மூன்று சொல். ஒருவரிடம் மட்டும் கேட்டு விற்காதீர்கள், இருவர் மூவரிடம் காட்டுங்கள். ஒருவர் 'இந்த விலைக்கு விற்கிறேன்' என்று கேட்கும் தொகை விலை ஆகாது, உண்மையில் விற்று முடிந்த தொகைதான் விலை. டின்னோடு மொத்தமாகக் கொடுக்காதீர்கள். கோலாலம்பூர் செல்லும் வாய்ப்பு கிடைத்தால், சாசானா கிஜாங் கட்டடத்தில் உள்ள பேங்க் நெகாரா அரும்பொருளகத்தைப் பிள்ளைகளோடு பார்த்துவிட்டு வாருங்கள். நம் டின்னில் உள்ள காசுகளின் முன்னோர்களை அங்கே கண்ணாடிக்குள் காணலாம்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. 'உங்களிடம் உள்ள பழைய 50 காசை ஐம்பதாயிரம் ரிங்கிட்டுக்கு வாங்கிக் கொள்கிறோம்' என்று கைத்தொலைபேசியில் செய்தி வரும். மகிழ்ந்து பதில் எழுதினால், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள், பிறகு காப்புறுதி கட்டுங்கள், வங்கிக் கணக்கின் மறைவெண்ணைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். வாங்குபவர்தான் பணம் தர வேண்டும், விற்பவர் அல்ல. இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டுக் கொண்டு இருக்க வேண்டாம். உடனே உங்கள் வங்கிக்கோ, மோசடிப் புகார்களுக்கென்று 2022இல் தொடங்கிய தேசிய மையத்துக்கோ சொல்லுங்கள். அதன் எண் 997.

நிறைவாக, நேர்மையைப் பற்றி ஒரு சொல். நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா முடிந்ததும் உண்டியல் எண்ணுகிறோம். பாய் விரித்து, பெரியவரும் சிறியவரும் சுற்றி அமர்ந்து காசு அடுக்குகிறோம். அப்போது ஒரு பழைய காசு கண்ணில் பட்டால் என்ன செய்வது? சட்டைப் பையிலிருந்து இருபது காசை எடுத்துப் போட்டுவிட்டு அதை எடுத்துக் கொள்வது சரியாகுமா? ஆகாது. அது கோயிலின் காசு, அதன் முழு மதிப்பும் கோயிலுக்கே உரியது. தனியே எடுத்து வைத்து, கோயில் செயற்குழுவினர் அனைவர் முன்னிலையிலும் காட்டி, எழுதி வைக்க வேண்டும். ஏமாற்றுவது தவறு என்று பிள்ளைகளுக்குப் பத்து முறை சொல்வதைவிட, அந்தப் பாயில் நாம் ஒரு முறை செய்து காட்டுவது மேல்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் வீட்டு டின்னிலிருந்து பத்துக் காசுகளை எடுங்கள். ஒவ்வொன்றின் ஆண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்த ஆண்டில் நம் வீட்டில் என்ன நடந்தது என்று தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேட்டு, பக்கத்தில் எழுதுங்கள். 1967 என்றால் தாத்தா அப்போது எந்தத் தோட்டத்தில் இருந்தார்? 1989 என்றால் அம்மா அப்போது எத்தனையாம் வகுப்பு? பத்து வரி எழுதி முடிக்கும்போது உங்கள் குடும்ப வரலாற்றின் முதல் பக்கம் கையில் இருக்கும். 1971ஆம் ஆண்டு 20 காசு கிடைத்தால் அது மேலும் ஒரு மகிழ்ச்சி.

அதன் பிறகு மீதிக் காசை வங்கிக்குக் கொண்டு போய்ப் பிள்ளைகளின் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். இயந்திரம் எண்ணட்டும். நாம் முதலில் பார்த்துவிடுவோம்.